கிளறன்ஸ் வைத்த விருந்து

ஒக்லண்டின் தெற்குப் பக்கத்துக்குப் புதிதாக வந்து சேர்கிற தமிழர்களில் கிளறன்சிடம் சாப்பிடாமல் தப்பியவர்கள் குறைவு. வந்தவர் படிக்க வந்த பிள்ளையாக இருக்கலாம், தாதி வேலைக்கு வந்தவராக இருக்கலாம், மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்த தகப்பனாக இருக்கலாம். மாதா கோயிலில் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது கிளறன்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

"மத்தியானம் என்ன செய்யிறியள்? ஒண்டுமில்லையோ? அப்ப ஏறுங்கோ வானில."

வான் பாபகூராவிலிருந்து நெடுஞ்சாலை ஏறி, நகரத்து நடுவில் இருக்கிற கசினோ ஹோட்டலின் வாசலில்தான் போய் நிற்கும். அங்கே மேல்மாடியில் ஒரு பஃபே மண்டபம் இருக்கிறது. வந்தவரை அங்கே உட்காரவைத்து, அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்லத் தட்டை நிரப்புவார். போதும் என்பது கிளறன்சின் காதில் ஏறுகிற சொல் அல்ல.

மன்னாரில் பிறந்தவர். நாட்டை விட்டு வந்த கதையை யாராவது கேட்டால் "வந்தன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் பெட்டி செய்கிற ஒரு கம்பனியின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்த வருடம் கிறிஸ்மசுக்குக் கம்பனி எல்லோரையும் அந்த பஃபேக்குத்தான் கூட்டிப்போனது. ஒரு மண்டபம் நிறையச் சாப்பாடு. யாரும் அளந்து போடவில்லை. மூன்றாம் தரம் எழுந்து போனபோதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஏற்பாடு கிளறன்சுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மனிதருக்குத் தன்னால் செய்யக்கூடிய ஆகப் பெரிய மரியாதை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

மண்டபத்துக்குப் போகவேண்டும் என்றால் சூதாட்ட மெஷின்கள் வரிசை வரிசையாக நிற்கிற தளத்தின் ஓரமாக நடந்து போகவேண்டும். இத்தனை வருடத்தில் அவர் அவற்றில் ஒன்றையும் தொட்டதில்லை. அதற்குப் பின்னால் கொள்கை என்று ஒன்றும் கிடையாது. அந்த இடத்தைக் கடக்கும்போது அவருக்கு எப்போதும் பசியாக இருக்கும்.

மனைவி விக்ரோறியா முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். புருசனின் விருந்துகளை அவள் தடுப்பதில்லை. கூடப் போவாள், கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் கட்டைச் சம்பல் கொண்டுபோவாள். பஃபேயில் எல்லாம் இருக்கும், உறைப்பு இருக்காது.

ஒரே மகள் ஜனுஷா. இங்கேயே பிறந்தவள், பிசியோதெரபிஸ்ட். தாய் தகப்பன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அவள் ரிஷியை விரும்பினாள். ரிஷி கரூர்ப் பையன், படிக்க வந்து, கம்ப்யூட்டர் கம்பனி ஒன்றில் வேலையாகி இங்கேயே தங்கிவிட்டவன். கிளறன்சுக்கு அவனைப் பிடிக்கும். முதல் தடவை கூட்டிப்போனபோது பஃபேயில் நன்றாகச் சாப்பிட்டான்.

சிக்கல் ரிஷியின் தகப்பன் நல்லசாமிதான். "அங்க வந்து நேர்ல பாத்துட்டு சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். இப்போது மனைவி சாந்தகுமாரியோடு வந்து மகனின் ஃபிளாட்டில் இருக்கிறார். அடுத்த வாரம் திரும்பிப் போகிறார்கள். ரிஷி தகப்பன் சொல்லைத் தாண்டுகிற ஆள் இல்லை என்பது ஜனுஷாவுக்குத் தெரியும். அவர் சரி என்று சொல்லாமல் விமானம் ஏறினால் விஷயம் அதோடு முடிந்தது. அவள் அதைத் தாயிடம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னதுதான் விக்ரோறியாவுக்குப் பயமாக இருந்தது.

விக்ரோறியா முதலில் அவர்களை வீட்டுக்குத்தான் கூப்பிட்டாள். தொலைபேசியில் சாந்தகுமாரி, "வீட்டுக்கு அப்பறமா வர்றமுங்க, மொதல்ல வெளிய எங்கயாவது பாத்துக்கலாமுங்க" என்றாள்.

"வெளியில எண்டால் என்னட்டை விடுங்கோ" என்றார் கிளறன்ஸ்.

கம்பனி அவருடைய நீண்ட சேவைக்கு ஒரு வார இறுதிப் பரிசுச் சீட்டுக் கொடுத்திருந்தது. அந்தக் கசினோ ஹோட்டலில் இரண்டு பேருக்கு அறையும் சாப்பாடும். அதோடு தன் காசில் இன்னொரு அறையும் எடுத்துவிட்டார், சம்பந்தி வீட்டாருக்கு.

"கசினோவிலயோ?" என்று விக்ரோறியா ஒரு தரம் கேட்டாள்.

"நாங்கள் என்ன சூதாடவே போறம்? சாப்பிடப் போறம்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் ஹோட்டல் வாசலில் சந்தித்தார்கள். நல்லசாமி மெலிந்த மனிதர், முழுக்கைச் சட்டை, சீவி வாரிய நரைத்த தலை. ஊரில் போர்வை, ஜமுக்காளம் நெய்கிற விசைத்தறிக் கூடம் வைத்திருந்தவர். எதையும் கையால் தொட்டு, நூலை இழுத்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்லுகிறவர் போல நின்றார். சாந்தகுமாரி குளிருக்கு மகனின் ஜாக்கெட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள்.

வாசலில் நின்ற மலை போன்ற சமோவாக்காரர் கதவைத் திறந்துவிட்டு, "கிளறன்ஸ், மை பிரதர்!" என்று அவரைக் கட்டிக்கொண்டார். உள்ளே வரவேற்பில் இருந்த பெண்ணும் பெயர் சொல்லிக் கையசைத்தாள். மெஷின்களின் ஓரமாக நடக்கும்போது இன்னொருவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நல்லசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். "இங்க அடிக்கடி வருவீங்களாங்க?"

"அடிக்கடியோ! மாதத்தில ஒருக்கா எண்டாலும் வராட்டி எனக்கு ஒரு மாதிரி இருக்கும் அண்ணை. இஞ்ச நான் விட்ட காசுக்கு ஒரு வீடு வாங்கியிருக்கலாம்." கிளறன்ஸ் பெருமையாகச் சிரித்தார். "விக்கி பேசுவா. ஆனால் இதில கணக்குப் பாக்கக் கூடாது பாருங்கோ."

"அப்படீங்களா" என்றார் நல்லசாமி.

மேலே போய் உட்கார்ந்தார்கள். கிளறன்ஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்தார். இறைச்சி வெட்டிக் கொடுக்கிற டொங்காக்காரரிடம் போய், தன் மேசைக்கு மாட்டிறைச்சி கண்ணிலும் காட்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். அதில் அவர் கவனமாக இருந்தார். பிறகு ஆட்டிறைச்சி, கோழி, பச்சை ஓட்டு மட்டி, இறால், வாட்டிய கூமராக் கிழங்கு, சோறு என்று கொண்டுவந்து மேசையை நிரப்பினார்.

"எடுங்கோ அண்ணை. அக்கா, எடுங்கோ."

"வேண்டாமுங்க. வவுறு சரியில்லீங்க" என்றார் நல்லசாமி. "ஒரு காப்பி மட்டும் போதுமுங்க."

"காப்பி கடைசியில. ஒரு துண்டு இறைச்சி?"

"இல்லீங்க."

"மட்டி? இது இஞ்ச மட்டும்தான். உங்கட ஊரில கிடையாது."

"இருக்கட்டுமுங்க."

"அப்ப சோறும் பருப்பும் எண்டாலும். வயிறு சரியில்லாட்டி அதுதான் மருந்து."

"அப்பா, லீவ் இட்" என்றாள் ஜனுஷா.

கிளறன்ஸ் விடவில்லை. பெரிய இறால் ஒன்றைத் தானே உரித்து, நல்லசாமியின் வெறும் தட்டின் நடுவில் வைத்தார். நல்லசாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முள்ளுக்கரண்டியால் மெல்ல எடுத்து மகனின் தட்டுக்கு மாற்றினார். ரிஷி ஒன்றும் யோசிக்காமல் அதைச் சாப்பிட்டான். சாந்தகுமாரியும் சோற்றைத் தொடவில்லை. காப்பியை மெதுவாகக் குடித்துக்கொண்டு, மேசையில் இருந்த சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசி இருந்தது என்பது விக்ரோறியாவுக்கு விளங்கியது. பசியோடு ஏன் சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கிளறன்ஸ் சொன்னார், "வயிறு ரெண்டு பேருக்கும் ஒரேயடியாய்ப் பழுதாகுமோ?"

"நாங்கள் வேதக்காரர் எண்டபடியாலாக்கும்" என்றாள் விக்ரோறியா.

"இஞ்ச சமைச்சது நானோ நீரோ? வெள்ளைக்காரன் சமைச்சது."

"குடுத்தது நாங்கள்தானே."

கிளறன்ஸ் மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். சாதியாக இருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் கையால் வைத்த சாப்பாட்டை ஒரு ஆள் தட்டை விட்டு எடுத்ததைப் போல ஒன்று இந்த நாட்டில் அவருக்கு நடந்ததில்லை.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு ஜனுஷாவும் ரிஷியும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள், நல்லசாமியும் சாந்தகுமாரியும் அறையிலிருந்து இறங்கி வரவில்லை. "சாப்ட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று ரிஷிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். கிளறன்ஸ் காற்று வாங்கத் தெருவுக்கு இறங்கினார். சந்தியில் இருந்த டெய்ரி என்கிற சின்னப் பலசரக்குக் கடைக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்து வாங்கில் நல்லசாமியும் சாந்தகுமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு காகிதப் பை. நல்லசாமி பணிஸ் ரொட்டி ஒன்றைப் பிய்த்து வேகமாகத் தின்றுகொண்டிருந்தார், வயிறு சரியில்லாத மனிதர் தின்னுகிற மாதிரி இல்லை. சாந்தகுமாரி வாழைப்பழம் உரித்து அவரிடம் நீட்டினாள்.

அவர்கள் கண்ணில் படாமல் கிளறன்ஸ் திரும்பி வந்தார்.

"டெய்ரி பணிசைத் தின்னுறார்!" என்று விக்ரோறியாவிடம் சொன்னார். "ரோட்டில இருந்து! என்ர சாப்பாட்டைவிட அந்தக் காஞ்ச பணிஸ் பெரிசு. நான் கேக்கத்தான் போறன்."

"நீங்கள் ஒண்டும் கேக்க மாட்டியள்." விக்ரோறியா எழுந்து கதவுப் பக்கம் நின்றுகொண்டாள். "பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனீங்களோ காலமை? இனிமேல் இஞ்சயிருந்து போகுமட்டும் நீங்கள் ஆரையும் சாப்பிடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது. ஒருதருக்கும் ஒண்டும் போடக்கூடாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"சும்மா இருங்கோ. மற்ற ஆக்கள் இருக்கினம்தானே சும்மா."

அவர் அப்படி இருந்து பழகியவர் அல்ல. ஆனாலும் மகளின் முகத்தை அவரும் பார்த்திருந்தார். தலையாட்டினார்.

பின்னேரம் ஜனுஷாவும் ரிஷியும் துறைமுகப் பக்கம் நடக்கப் போனார்கள். போகும்போதே ஏதோ வாக்குவாதம், அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான். மற்ற நாலு பேரும் ஹோட்டலின் கீழ்த்தளத்து இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிளறன்ஸ் கொடுத்த வாக்கின்படி வாயை மூடிக்கொண்டிருந்தார். அது நல்லசாமிக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க சார், அந்த மெசினெல்லாம் கொஞ்சம் பாக்கலாங்களா?" என்றார்.

கிளறன்ஸ் விக்ரோறியாவைப் பார்த்தார். மெஷின் காட்டுவதற்குத் தடை இல்லை. எழுந்தார்.

ஆண்கள் இருவரும் போன பிறகு சாந்தகுமாரி நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தாள். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"உங்க வீட்டுக்காரரு இங்க எத்தன வருசமா வர்றாருங்க?"

"அவர் கனகாலம். ஜனு சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கயே."

சாந்தகுமாரியின் முகம் வாடியது. "நீங்க ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

"என்னத்தைச் சொல்லுறது? அவருக்கு அதில ஒரு சந்தோசம். எனக்கென்ன, ஒரு நேரம் சமைக்கத் தேவையில்லை."

சாந்தகுமாரி குழம்பிப்போய், "சமைக்கவா?" என்றாள். "நான் ஆடறதைக் கேட்டனுங்க. சூதாட்டம்."

விக்ரோறியா மடியில் இருந்த கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு நேற்று வாசலில் கட்டிக்கொண்ட சமோவாக்காரர், தோளில் தட்டியவர், விட்ட காசுக்கு வீடு வாங்கியிருக்கலாம் என்ற பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. "ஐயோ அம்மாளாச்சி" என்றாள். "அவர் வாறது சாப்பிட. ஆக்களைச் சாப்பிடப் பண்ண. அந்த மெஷினில எந்தப் பக்கம் முன்பக்கம் எண்டே அவருக்குத் தெரியாது!"

"நெசமாலுமா?"

"மாதாவாணை."

சாந்தகுமாரி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "இவுரோட பெரியண்ணன் சீட்டாடி அத்தன தறியையும் தோத்தவருங்க. அந்தக் குடும்பமே சிதறிப்போச்சு. அதுலருந்து சூதாடற வீடுன்னா இவுருக்கு ஆகாது. நேத்து உள்ள வந்ததுமே என் கையப் புடிச்சு, இங்க கை நனைக்க வேண்டாம்னுட்டாரு."

"கை நனைக்கிறதெண்டால்?"

"சாப்பிடறதுங்க. எங்க பக்கம் பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைச்சுட்டா சம்மதம் சொன்ன மாதிரி. பேச்சு முடிவாகற வரைக்கும் காப்பித்தண்ணியோட எந்திரிச்சு வந்துருவோம். அதனாலதான் உங்க வீட்டுக்கும் வரலீங்க. ரிஷி சொன்னான், ஹோட்டல்னா அதெல்லாம் கணக்கில்லன்னு. ஆனா காசு குடுக்கறது நீங்கதானுங்களே? அப்ப இதுவும் பொண்ணு வீட்டுச் சோறுதானே?"

"எங்கட பக்கம் சாப்பிடாமல் எழும்பினால்தான் கோவம் எண்டு அர்த்தம்" என்றாள் விக்ரோறியா.

"நீங்க என்ன நெனைச்சீங்க?"

"வேற என்னென்னவோ நினைச்சிட்டம்." அவள் அதை விரிக்கவில்லை. வேறொன்று அவளுக்கு உறைத்தது. கிளறன்ஸ் இப்போது மெஷின்களுக்கு நடுவில் நிற்கிறார். விருந்தாளி கேட்டதை இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். தெரியாததையும் தெரியும் என்று சொல்லிவிடுவார். விக்ரோறியா எழுந்து எட்டிப் பார்த்தாள். மின்னுகிற மெஷின்களுக்குள் இரண்டு தலையும் தெரியவில்லை.

அவள் பயந்தது சரிதான். நல்லசாமி, "இத எப்படிங்க ஆடறது? நீங்க கொஞ்சம் ஆடிக் காட்டுங்களே" என்று கேட்டிருந்தார். கிளறன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாப்பாட்டில் கை வைக்காத மனிதருக்கு இதில்தான் ஆசையோ? சூதாடுகிற ஆளின் வீட்டுக்கா என் பிள்ளை போகப்போகிறாள்? ஆனாலும் விருந்தாளி வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

"ஓம், ஓம். அது ஒரு வேலையோ? வாங்கோ, இதில இருங்கோ."

டிராகன் படம் போட்ட ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். அடுத்ததை அழுத்தினார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாக அழுத்தினார். டிராகன் அசையவில்லை. நல்லசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

கசினோவின் கறுப்புச் சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். நடுத்தர வயது, சட்டையில் பங்கஜம் என்று பெயர் குத்தியிருந்தது. இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினாள். மலேசியக்காரி.

"அங்கிள், கார்டு போடணும் லா. கார்டு இல்லாட்டி மெஷின் ஓடாது."

"கார்டு இருக்குப் பிள்ளை." கிளறன்ஸ் பர்சை எடுத்தார். சூப்பர்மார்க்கெட் கார்டு வந்தது. பெட்ரோல் கார்டு வந்தது. நூலகக் கார்டு வந்தது. கடைசியாகக் கொஞ்சம் நம்பிக்கையோடு ஈஸ்ட் டாமாக்கிக் கம்பனியின் வாசல் கார்டை நீட்டினார்.

பங்கஜம் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இது உங்க வேலை இடத்துக் கார்டு அங்கிள். இங்க மெம்பர் கார்டு வேணும். எப்ப எடுத்தீங்க?"

"அது... முந்தி."

"லைசன்ஸ் குடுங்க, செக் பண்ணிடலாம்." பக்கத்து மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் தட்டினாள். "இல்லையே. உங்க பேரே இல்ல. நான் உங்கள பாத்திருக்கேன் அங்கிள், மேல பஃபேல. கூட்டமா ஆளுங்கள கூட்டிட்டு வருவீங்க. ஆனா இங்க பாத்ததே இல்ல. ஒரு நாள்கூட ஆடுனதில்லையா?"

"சத்தமாச் சொல்லாதேங்கோ பிள்ளை" என்றார் கிளறன்ஸ் தாழ்ந்த குரலில். விருந்தாளிக்கு முன்னால் மானம் போவதாக அவருக்கு இருந்தது. "எனக்கு வேண்டாம். அந்த அண்ணைக்கு ஒண்டு போட்டுக் குடுங்கோ. அவருக்கு ஆசை. நான் பக்கத்தில நிக்கிறன்."

"எனக்கு எதுக்குங்க?" என்றார் நல்லசாமி.

"நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"நான் உங்களுக்குத் தெரியுமான்னு பாக்கத்தானுங்க கேட்டேன்."

கிளறன்ஸ் லைசன்சைக் கையில் பிடித்தபடி நின்றார். "அப்ப நீங்கள் விளையாடுறேல்லையோ?" என்றார்.

"நானாங்க? தாயக்கட்டைகூட உருட்டுனதில்ல. நீங்க பெரிய ஆட்டக்காரருன்னு நேத்துலருந்து நெனைச்சுக்கிட்டு இருக்கறேன்."

"நானோ!" கிளறன்சின் சத்தத்தில் பக்கத்து மெஷின்காரி திரும்பிப் பார்த்தாள். "நான் சாப்பிட வாறனான் அண்ணை!"

"அது இப்பத் தெரிஞ்சுதுங்க" என்றார் நல்லசாமி. கார்டுகள் பரப்பியிருந்த மெஷினின் விளிம்பைப் பார்த்தார். நூலகக் கார்டை எடுத்துக் கிளறன்சிடம் கொடுத்தார். "பொறுக்கி வையுங்க. போலாம். எனக்குப் பசிக்குது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கிளறன்சின் வாய் தானாகத் திறந்தது. விக்ரோறியாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டது.

பிள்ளைகள் திரும்பி வந்ததும் எல்லோரும் மேலே போனார்கள். நேற்றைய அதே மேசை. ஜனுஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயிடம் கேட்க அவளுக்கும், சொல்ல விக்ரோறியாவுக்கும் நேரம் கிடைக்கவில்லை. விக்ரோறியா மகளின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள், அவ்வளவுதான். கிளறன்ஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இறைச்சி வெட்டுகிற டொங்காக்காரர் தூரத்திலிருந்து கத்தியை ஆட்டிக் கூப்பிட்டார். கிளறன்ஸ் அசையவில்லை.

நல்லசாமி எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டு வரிசைக்குப் போனார். சாந்தகுமாரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் திறந்து பார்த்து, மூடி, அடுத்ததுக்குப் போனார். திரும்பி வரும்போது தட்டில் வெள்ளைச் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன் இருந்தன.

உட்கார்ந்து கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் ஓரமாக வைத்தார். தண்ணீர்க் கிளாசை எடுத்து, ரொட்டிக்கு வைத்திருந்த சின்னத் தட்டின் மேல் கையை நீட்டி, விரல்களை நனைத்துக்கொண்டார். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் மட்டிக்குத் திரும்பினார்கள். ரிஷி மெல்லுவதை நிறுத்திவிட்டான். சாந்தகுமாரி எழுந்து, கிட்டத்தட்ட ஓட்டமாக, தனக்கு ஒரு தட்டு எடுக்கப் போனாள்.

"வாட்?" என்றாள் ஜனுஷா, ரிஷியின் முகத்தைப் பார்த்து. "ரிஷி, வாட்?"

ரிஷி அவள் காதில் என்னவோ சொன்னான். இரண்டு நாளாக அழாதவள் அப்போதுதான் நாப்கினை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மேசையில் விஷயம் தெரியாமல் இருந்தவர் கிளறன்ஸ் மட்டும்தான். அவர் நல்லசாமியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு பாதி வெறுமையாகியிருந்தது. மனைவி பக்கம் சரிந்து, "இப்ப சொல்லலாமோ?" என்றார்.

"என்னத்தை?"

"இன்னும் கொஞ்சம் போடச்சொல்லி."

விக்ரோறியா பதில் சொல்லுமுன் நல்லசாமி தலை நிமிர்ந்தார். "ஏனுங்க சம்பந்தி, நேத்து ஒரு எறா உரிச்சு வச்சீங்களே. அது இன்னிக்கும் போட்டிருக்காங்களா?"

கிளறன்ஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை எடுத்து நிறுத்தவும் அவர் நிற்கவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போனார். சம்பந்தி என்ற சொல் அவருக்குக் கேட்டதா, இறால் மட்டும்தான் கேட்டதா என்று விக்ரோறியாவுக்குத் தெரியவில்லை.

சர்ச்சிலா மண்டபத்திலா, தாலியை யார் எடுப்பது, எந்த மாதம் என்பதெல்லாம் அன்றைக்குப் பேசப்படவில்லை. அவை பிறகு வந்தன, அவற்றில் சிலவற்றுக்குக் குரல் உயர்ந்தது. அன்றைக்குச் சாப்பிட மட்டும்தான் செய்தார்கள். சாந்தகுமாரி கட்டைச் சம்பல் போத்தலை முடித்துவிட்டு, அதற்கு என்னென்ன போடுவது என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வானில் பாபகூராவுக்குத் திரும்பும்போதுதான் விக்ரோறியா கை நனைக்கிற வழக்கத்தைப் புருசனுக்கு விளக்கினாள். கிளறன்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். நெடுஞ்சாலையில் நெரிசல். வான் ஊர்ந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை அந்த இறாலை நான் தட்டில வைக்காமல் நேர வாயில வைச்சிருந்தால் அலுவல் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்" என்றார்.

"ஓம், முடிஞ்சிருக்கும். மனுசன் எழும்பிப் போயிருப்பார்."

அவர் அதைக் கொஞ்சத் தூரம் யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு, "எண்டாலும் விக்கி, அவர் வடிவாச் சாப்பிடேல்லை" என்றார். "சோறு, பருப்பு, ஒரு மீன் துண்டு. இறால் எத்தினை, அஞ்சோ ஆறோ. ஆட்டிறைச்சிப் பக்கம் போகவேயில்லை. அவையள் போறதுக்குள்ள இன்னொருக்கா கூட்டிக்கொண்டு போகவேணும்."

"இனி ஏன் அங்க? இனி வீட்டுக்கு வருவினம்."

கிளறன்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. விக்ரோறியா ஃப்ரீசரில் எவ்வளவு ஆட்டிறைச்சி இருக்கிறது என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாது போலத்தான் இருந்தது.